அப்பாவின் சீழ் ரிப்போர்ட்: 0.25-க்கு ‘ஆர்’, 10-க்கு ‘எஸ்’. எப்படி?

கணக்குப்_பேரேடு:

வணக்கம். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, கணக்குப் பிரிவில் வேலை. வரிசையாக எண்களைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது, அதனால் வந்த வினை இது. மருந்தை மாற்ற யோசனை கேட்கவில்லை, அதை டாக்டர் பார்த்துக்கொள்கிறார். இந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 63 வயது. ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் சாப்பிடுகிறார். சர்க்கரை இல்லை. இரண்டு வாரம் முன்பு இன்ஃப்ளுயன்சா ஏ வந்தது, டெஸ்டில் உறுதியானது. ஐந்து நாள் காய்ச்சல், அப்புறம் சளி மட்டும். மூக்கைச் சிந்திச் சிந்தி விளிம்பெல்லாம் தோலுரிந்து சிவந்து கிடந்தது. எட்டாம் நாள் வலது மூக்குத் துவாரத்தின் உட்புறம் ஒரு சின்னக் கொப்புளம். அதில் நீட்டிக்கொண்டிருந்த முடியை இடுக்கியால் பிடுங்கிவிட்டார். கேட்டால் "உறுத்திச்சு" என்கிறார். பத்தாம் நாள் மேலுதடு தடித்து, வலது கன்னம் வீங்கி, ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் வேறு யாரோ என்று ஆகிவிட்டது.

அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியது. டாக்டர் சிரிஞ்சில் சீழை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, கீறி மீதியை வடித்தார். அன்றைக்கே கிளிண்டாமைசின் ஆரம்பித்தார். மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்ததும் அதை நிறுத்திவிட்டு கோட்ரிமாக்சசோல் எழுதினார். ரிப்போர்ட் இது:

வளர்ந்த கிருமி: ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்
செஃபாக்ஸிட்டின் ஸ்க்ரீன்: பாசிட்டிவ்
பென்சிலின் ≥0.5 ஆர்
ஆக்ஸசிலின் ≥4 ஆர்
எரித்ரோமைசின் ≥8 ஆர்
கிளிண்டாமைசின் 0.25 ஆர்
சிப்ரோஃப்ளாக்ஸசின் ≥8 ஆர்
ஜென்டாமைசின் ≤0.5 எஸ்
ரிஃபாம்பிசின் ≤0.03 எஸ்
டெட்ராசைக்ளின் ≤1 எஸ்
லினசோலிட் 2 எஸ்
வான்கோமைசின் 1 எஸ்
கோட்ரிமாக்சசோல் ≤10 எஸ்

‘எஸ்’ என்றால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படும், ‘ஆர்’ என்றால் கட்டுப்படாது, எண் என்பது கிருமியை அடக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு என்று தெரிந்துகொண்டேன். அப்படியானால் குறைவான எண்தானே நல்லது? 0.03 இருக்கும்போது போயும் போயும் 10 இருப்பதை ஏன் எடுக்க வேண்டும்? கிளிண்டாமைசினுக்கு 0.25, ஆனால் பக்கத்தில் ‘ஆர்’. 10-க்குப் பக்கத்தில் ‘எஸ்’. என் வேலையில் இப்படி ஒரு தாள் வந்தால் தட்டச்சுப் பிழை என்று திருப்பி அனுப்பிவிடுவேன். அந்த ‘பாசிட்டிவ்’ நல்லதா கெட்டதா என்றும் புரியவில்லை. முதலில் நல்லது என்று நினைத்து அப்பாவிடம் சொல்லி வேறு தொலைத்துவிட்டேன்.

-----

பெட்ரித்தட்டு:

கணக்குப் பிரிவு ஆளுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். தட்டச்சுப் பிழை எதுவும் இல்லை. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 22 வருடமாக கிருமி வளர்க்கும் இதே தட்டுகளோடு குடித்தனம் நடத்துகிறேன், அந்த தைரியத்தில் சொல்கிறேன். எந்த மருந்து கொடுப்பது என்பது என் வேலை இல்லை. தாளைப் படித்துக் காட்டுகிறேன்.

முதல் விஷயம், அந்த எண்களை மேலிருந்து கீழாக ஒப்பிடவே கூடாது. சட்டை அளவு 40, செருப்பு அளவு 8 என்றால் எது பெரியது என்று கேட்போமா? ஒவ்வொரு மருந்துக்கும் தனி அளவுகோல். வழக்கமான அளவில் கொடுத்தால் அந்த மருந்து உடம்பில் எவ்வளவு சேரும், எவ்வளவு நேரம் நிற்கும், அந்த அளவில் குணமாகிறார்களா என்பதையெல்லாம் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். எண் அந்த எல்லைக்குள் இருந்தால் ‘எஸ்’. அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. என்ற ஆய்வகத் தர அமைப்பின் அட்டவணைப்படி ஸ்டாஃப் ஆரியஸுக்கு வான்கோமைசின் எல்லை 2. லினசோலிடுக்கு 4, டெட்ராசைக்ளினுக்கு 4. சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கோ 1-தான்.

கோட்ரிமாக்சசோல் இரண்டு மருந்துகளின் கூட்டு. டிரைமெத்தோப்ரிம் 1 பங்கு, சல்ஃபாமெதாக்சசோல் 19 பங்கு என்ற விகிதத்தில் சோதிக்கிறோம். இயந்திரம் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக அச்சடிக்கிறது. அந்த 10 என்பது 0.5-ம் 9.5-ம் சேர்ந்தது. எல்லை 2-ம் 38-ம், அதாவது 40. நாற்பதுக்குப் பத்து. ‘≤’ இருக்கிறதே, இயந்திரம் சோதிக்கிற மிகக் குறைந்த அளவிலேயே கிருமி அடங்கிவிட்டது, அதற்குக் கீழே அளக்க அதன் சோதனை அட்டையில் இடமில்லை என்று அர்த்தம். தாராளமான ‘எஸ்’ அது.

அடுத்து, உங்களுக்குப் பிடித்த 0.03. ரிஃபாம்பிசின். தட்டில் பார்த்தால் அடித்துத் துவைக்கும். ஆனால் ஸ்டாஃபுக்கு அதைத் தனியாக யாரும் கொடுப்பதில்லை. ஒரே ஒரு மரபணு மாற்றம் போதும், கிருமி அதற்குத் தப்பிவிடும். அந்த மாற்றம் தற்செயலாக ஒரு கோடியிலிருந்து பத்துக் கோடி கிருமிகளுக்கு ஒன்றில் இருக்கும். ஒரு கட்டியில் அதைவிடக் கூடுதலாகவே கிருமி இருக்கலாம். அதாவது மருந்து உள்ளே போகிறபோதே தப்பிக்கப்போகிறவன் உட்கார்ந்திருக்கிறான். மற்றவை சாகும், அவன் பெருகுவான். ஜென்டாமைசினும் ஸ்டாஃபுக்குத் துணை மருந்துதான், தனி மருந்து இல்லை. அது ஊசி. சிறுநீரகத்தையும் காதையும் கவனிக்க வேண்டும். போதாததற்கு, கிருமிக்குள் நுழைய அதற்கு ஆக்சிஜன் வேண்டும். சீழ்க்கட்டியின் உள்ளே ஆக்சிஜனும் குறைவு, அமிலத்தன்மையும் கூட. தட்டில் புலி, கட்டிக்குள் பூனை.

இப்போது கிளிண்டாமைசின். எனக்குப் பிடித்த வரி இது, கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில ஸ்டாஃப் கிருமிகளிடம் ‘எர்ம்’ என்றொரு மரபணு இருக்கும். அது வேலை செய்தால், மருந்து போய் ஒட்ட வேண்டிய இடத்தைக் கிருமி மாற்றிவிடும். எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் இரண்டுமே பயனற்றுப் போகும். ஆனால் இந்த மரபணு எப்போதும் விழித்திருப்பதில்லை. எரித்ரோமைசினைக் கண்டால் எழுந்துகொள்ளும், கிளிண்டாமைசினைக் கண்டால் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். அதனால் கிளிண்டாமைசினை மட்டும் தனியாகச் சோதித்தால் 0.25 என்று அழகான எண் வரும். நம்பிக் கொடுத்தால், சிகிச்சை நடுவில் எப்போதும் விழித்தே இருக்கும் வகை ஒன்று தலையெடுத்துவிடும்.

இதைப் பிடிக்கத் தட்டில் எரித்ரோமைசின் வில்லையையும் கிளிண்டாமைசின் வில்லையையும் 15-லிருந்து 26 மில்லிமீட்டர் இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். ராத்திரி முழுக்க 35 டிகிரியில் வைத்துவிட்டு காலையில் எடுத்துப் பார்த்தால், கிளிண்டாமைசினைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் எரித்ரோமைசின் பக்கம் மட்டும் மொட்டையாக, அரை நிலா மாதிரி நறுக்கியிருக்கும். ஆங்கில ‘டி’ (D) எழுத்து வடிவம் என்பதால் டி-டெஸ்ட். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த வடிவத்தைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க முடிவதில்லை. இயந்திரமும் இதே சோதனையைச் சின்னக் குழிக்குள் செய்துவிடும். அப்படி வந்தால் எண்ணை அப்படியே விட்டுவிட்டு, எழுத்தை ‘ஆர்’ என்று மாற்றுவோம். எண் தூங்கும்போது எடுத்தது, எழுத்து விழித்தபின் நடப்பதைச் சொல்வது. இரண்டும் முரண்பட்டால் எழுத்தை நம்புங்கள்.

‘பாசிட்டிவ்’ விஷயத்தில் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள், அது கெட்ட செய்தி. செஃபாக்ஸிட்டின் அங்கே மருந்தாக வரவில்லை, துப்பறிகிறவராக வந்திருக்கிறது. இந்தக் கிருமி எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெதிசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டாஃப் ஆரியஸ் வகையா என்று கண்டுபிடிக்கும் சோதனை அது. பாசிட்டிவ் என்றால் ஆம். மெதிசிலின் மருந்து 1959-இல் வந்தது, அதற்கு மசியாத ஸ்டாஃபை 1961-இலேயே பதிவு செய்துவிட்டார்கள். மெதிசிலின் வழக்கொழிந்து போயிற்று, பெயர் மட்டும் கிருமியோடு ஒட்டிக்கொண்டது.

முதல் மருந்து ஏன் கேட்கவில்லை என்பதும் இங்கேயே இருக்கிறது. கிளாவுலனேட்டின் வேலை, பென்சிலினை வெட்டிப்போடும் நொதியைத் தடுப்பது. எம்.ஆர்.எஸ்.ஏ. அந்த நொதியை மட்டும் நம்பி இல்லை. பென்சிலின் குடும்பம் போய்ப் பிடிக்கும் புரதத்துக்குப் பதிலாகப் பிடிபடாத வேறொரு புரதத்தை வைத்துக்கொள்கிறது. காவலாளியை ஓரங்கட்டிவிட்டீர்கள் சரி, பூட்டையே மாற்றிவிட்டார்களே. அதனால் பென்சிலின் குடும்பம் முழுக்க, செஃபலோஸ்போரின்களில் செஃப்டாரோலின், செஃப்டோபிப்ரோல் தவிர மற்றவை எல்லாம், தாளில் வராவிட்டாலும் ‘ஆர்’ என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் டாக்டர் சிரிஞ்சில் சீழ் எடுத்து அனுப்பினாரே, அவருக்கு எங்கள் மாதிரி ஆட்கள் சார்பில் நன்றி. மூக்கு ஓரத்தை ஒரு குச்சியால் துடைத்து அனுப்புவார்கள். அதில் தோலில் சும்மா குடியிருக்கும் ஸ்டாஃப் எபிடெர்மிடிஸ்தான் முளைக்கும், அதற்கு ஒரு ரிப்போர்ட், அதற்கு ஒரு சிகிச்சை.

-----

அரைத்தூக்கம்:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? லினசோலிட் ‘எஸ்’ என்று இருக்கிறதே. எம்.ஆர்.எஸ்.ஏ. என்றாலே அதுதான் பலமான மருந்து. எனக்கும் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தாடையில் இப்படி வந்தது, லினசோலிடில் ஐந்தே நாளில் காணாமல் போனது. மீதி நாலு மாத்திரை இன்னும் வைத்திருக்கிறேன், அடுத்த முறை உதவும்.

-----

பெட்ரித்தட்டு:

அரைத்தூக்கம், அந்த நாலு மாத்திரையை முதலில் வீட்டிலிருந்து வெளியேற்றுங்கள். அடுத்த முறை வருவது இதே கிருமியாக இருக்கும் என்று அது உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறதா? நாலு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பிறகு டாக்டரிடம் போவீர்கள், அவர் சீழ் எடுத்து அனுப்புவார், எங்கள் தட்டில் ஒன்றும் முளைக்காது. ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதி அனுப்புவோம். கிருமி இல்லை என்று பொருள் இல்லை. அரைகுறையாக மயங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சொல்லை எழுதும்போது எனக்கு வருகிற எரிச்சலை இங்கே எழுத முடியாது.

‘பலமான மருந்து’ என்று தாளில் ஒரு பத்தியும் கிடையாது. ‘எஸ்’ போட்ட எல்லாம் இந்தக் கிருமியை அடக்கும். அதற்குள் எது என்பது நோயாளியைப் பார்த்து முடிவாவது. லினசோலிட் நல்ல மருந்துதான். ஆனால் இரண்டு வாரம் தாண்டினால் ரத்த அணுக்கள் குறையலாம், மனச்சோர்வுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து. தவிர, மோசமான நாளுக்கென்று சில மருந்துகளைக் கைப்படாமல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

-----

கா_மூ_தொ:

காது மூக்கு தொண்டை மருத்துவன். பெட்ரித்தட்டு அக்கா சொன்னதற்கு மேல் தாளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தாளில் இல்லாததைச் சொல்கிறேன்.

ஃப்ளூவுக்குப் பிறகு ஏன் என்று கணக்குப்_பேரேடு கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பத்துப் பேரில் மூன்று பேர் மூக்கில் ஸ்டாஃப் ஆரியஸ் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. உங்கள் அப்பாவுக்கும் அது வெளியிலிருந்து அன்றைக்கு வந்திருக்க வேண்டியதில்லை. வைரஸ் மூக்கின் உள்பூச்சை உரித்துவிடுகிறது, அழுக்கைத் தள்ளும் நுண்மயிர்கள் உதிர்கின்றன. வைரஸை எதிர்க்கக் கிளம்பிய நம் உடம்பின் சைகைகளே, பாக்டீரியாவைத் தின்னும் வெள்ளணுக்களை ஒரு வாரம் பத்து நாள் மந்தமாக்கிவிடுகின்றன. 1918 ஃப்ளூவில் செத்தவர்களில் பெரும்பாலோரை முடித்தது பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியா. நுரையீரலில் நடந்த அதே கதையின் சின்ன அத்தியாயம்தான் மூக்கு நுனியில் நடந்திருக்கிறது. கூடவே தோலுரிந்த விளிம்பு. கூடவே இடுக்கி. ஐயா, இடுக்கி!

மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட இந்த முக்கோணத்தில் வரும் கட்டியை நாங்கள் ஏன் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை என்றால், இங்கிருந்து போகும் ரத்தநாளங்கள் கண்ணுக்குப் பின்னால் ஓடி, மூளையின் அடியில் இருக்கும் கேவர்னஸ் சைனஸ் என்ற ரத்த அறையோடு சேர்கின்றன. அங்கே சீழ்பிடித்து ரத்தம் உறைவது அபூர்வம், ஆனால் உறைந்தால் உயிர்ப் பிரச்சினை. அதற்கு முதல் குற்றவாளியும் இதே ஸ்டாஃப் ஆரியஸ்தான். இமை வீங்கிக் கண் மூடிக்கொள்வது, கண் வெளியே தள்ளுவது, கண்ணை உருட்டினால் வலி, இரண்டிரண்டாகத் தெரிவது, பார்வை மங்கல், காய்ச்சலோடு கடும் தலைவலி, மயக்கம். இதில் ஒன்று வந்தாலும் ரிப்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கட்டியைப் பிதுக்கவே கூடாது.

இன்னொன்று. இந்த இழையைப் படித்துவிட்டு, சளிக்குப் பிறகு முகம் வலிக்கிற எல்லோரும் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று கிளம்பிவிடாதீர்கள். இவருக்கு வந்தது தோலில். மூக்கைச் சுற்றிய எலும்புக்குள் இருக்கும் காற்றறையான சைனஸில் வந்தால் ஆட்கள் வேறு. நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே, மொராக்செல்லா. ஹீமோஃபிலஸ் என்பது பாக்டீரியா, பெயரில் இன்ஃப்ளுயன்சா இருப்பது பழைய காலத்துத் தவறு, ஃப்ளூவுக்கு அதுதான் காரணம் என்று நினைத்தார்கள். மொராக்செல்லா ஏறக்குறைய எல்லாமே பென்சிலினை வெட்டும் நொதியோடு வரும், அங்கே கிளாவுலனேட் உதவும். நியூமோகாக்கஸோ நொதியே வைத்திருப்பதில்லை. பென்சிலின் பிடிக்கிற புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்கிறது, அதற்குக் கிளாவுலனேட் ஒன்றும் செய்யாது, அமாக்ஸிசிலின் அளவைக் கூட்டினால் பல நேரம் வழிக்கு வரும். ஒரே மாத்திரை, ஒரே முகம், இரண்டு இன்ச் தள்ளி வேறு நியாயம்.

பல்லிலிருந்து சைனஸுக்கு ஏறுவதும் உண்டு. ஒரு பக்கம் மட்டும், நாற்றமடிக்கும் சளி என்றால் மேல் கடைவாய்ப் பல்லைப் பாருங்கள். அங்கே காற்றில்லாமல் வளரும் கிருமிகள் கலந்திருக்கும். சாதாரண முறையில் அனுப்பினால் அவை வழியிலேயே செத்துவிடும், ரிப்போர்ட் வெறுமையாக வரும். வெறுமை என்று மருந்தை நிறுத்துவதும் தவறு, ரிப்போர்ட்டில் வந்த ஒற்றைக் கிருமியை மட்டும் குறிவைப்பதும் தவறு.

பச்சைச் சளி, மஞ்சள் சளி, அதெல்லாம் ஆன்டிபயாடிக்குக்குக் காரணமே இல்லை. பெரியவர்களுக்கு வரும் வைரஸ் சளியில் நூற்றுக்கு இரண்டு கூட பாக்டீரியா சைனஸாக மாறுவதில்லை. பத்து நாள் ஆகியும் துளியும் குறையாமல் இருந்தால், அல்லது ஐந்தாறு நாளில் தேறி மறுபடி காய்ச்சலோடு விழுந்தால், அல்லது ஆரம்பத்திலேயே மூன்று நாலு நாள் 39 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் முகவலியும் சீழும் என்றால் யோசிக்கலாம்.

சர்க்கரைக்காரர்கள், ஸ்டீராய்டு எடுத்தவர்கள் கொரோனா மாதிரி ஒரு வைரஸுக்குப் பிறகு முகம் மரத்து, மூக்கிலோ அண்ணத்திலோ கறுப்பாகப் பொருக்கு கண்டால், அது பூஞ்சையாக இருக்கலாம். 2021-இல் நிறையப் பார்த்தோம். அதற்கு இந்தத் தாளில் உள்ள ஒரு மருந்தும் வேலைக்கு ஆகாது. ஆம்ஃபோடெரிசினும் அறுவை சிகிச்சையும்தான், அதுவும் அன்றைக்கே.

கடைசியாக, இதுதான் நான் எழுத உட்கார்ந்த காரணமே. அப்பா ராமிப்ரில் சாப்பிடுகிறார் என்றீர்கள். டிரைமெத்தோப்ரிம் சிறுநீரகத்தில் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். ராமிப்ரிலும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால், அதுவும் 60 தாண்டியவருக்கு, பொட்டாசியம் எகிறலாம். வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் நேராக இதயத்தில் கை வைக்கும். உங்கள் டாக்டருக்கு ஒரு போன் போட்டு, "ராமிப்ரிலும் ஓடுகிறது, பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்கலாமா" என்று இன்றைக்கே கேளுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

-----

வாலுப்பையன்_அம்மா:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு ஆறு வயது, அம்மை வந்து கொப்புளங்கள் காய்கிற நேரத்தில் வாயோரம் நாலைந்து மட்டும் தேன் உறைந்த மாதிரி மஞ்சள் பொருக்காகிச் சுற்றிலும் சிவந்தது. பொருக்கைத் தூக்கி அடியிலிருந்து எடுத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் ‘குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ், பென்சிலினுக்குக் கட்டுப்படும்’ என்று ஒரே வரி. மேலே 13 வரி இருக்கிறது, எங்களுக்கு ஒரு வரிதானா? மருந்தில் குறைகிறது, ஆனாலும் ஆய்வகம் சோம்பலா என்று ஒரு சந்தேகம்.

-----

பெட்ரித்தட்டு:

சோம்பல் இல்லை அம்மா, இந்த ஒரு கிருமி எங்களுக்குக் கொடுத்த வரம். பென்சிலின் பயன்பாட்டுக்கு வந்து 80 வருடம் தாண்டிவிட்டது, இன்றுவரை நோயாளிகளிடமிருந்து எடுத்த குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸில் பென்சிலினை எதிர்த்து நிற்பது ஒன்றுகூட உறுதியாகவில்லை. சோதிக்காமலே எழுதலாம். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் மட்டும் எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் போட்டுப் பார்ப்போம், அவற்றை அது எதிர்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஸ்டாஃப் என்றால் 13 வரி எழுதியும் சந்தேகம் தீராது, ஸ்ட்ரெப் என்றால் ஒரு வரி. பிள்ளைகளில் ஒன்று இப்படி, ஒன்று அப்படி.

-----

கா_மூ_தொ:

ஒரு வார்த்தை. அம்மை காய்கிற நேரத்தில் மறுபடி கடும் காய்ச்சல், அல்லது வெளியே தெரியும் சிவப்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு வலி என்று குழந்தை துடித்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். இதே ஸ்ட்ரெப் தோலுக்கு அடியில் வேகமாகப் பரவக்கூடியது. அம்மையின்போது காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும். இபுப்ரொஃபேனும் ஆஸ்பிரினும் வேண்டாம்.

-----

கணக்குப்_பேரேடு:

எல்லோருக்கும் நன்றி. நாலு நாள் கழித்து வருகிறேன், சொல்ல விஷயம் இருக்கிறது.

அன்று மாலையே போன் செய்தேன். டாக்டர் சற்று நேரம் பேசவில்லை, பிறகு "நாளைக் காலையில் ரத்தம் கொடுங்கள்" என்றார். பொட்டாசியம் 5.7. அந்த ஆய்வகத் தாளில் மேல் எல்லை 5.1 என்று அச்சடித்திருந்தது. (எல்லையைப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டேன், கவனித்தீர்களா அக்கா?) இ.சி.ஜி. எடுத்தார்கள், அது சரியாக இருந்தது. கோட்ரிமாக்சசோலை நிறுத்தி டாக்ஸிசைக்ளின் கொடுத்திருக்கிறார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் 4.8.

தாளில் டாக்ஸிசைக்ளின் என்ற பெயரே இல்லையே என்று கேட்டேன். டெட்ராசைக்ளினுக்கு ‘எஸ்’ என்றால் டாக்ஸிசைக்ளினுக்கும் ‘எஸ்’ என்று எடுத்துக்கொள்ளலாம், தனியாகச் சோதிக்க வேண்டாம் என்றார். நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது படுக்கக் கூடாதாம், தொண்டைக்குள் மாத்திரை ஒட்டிப் புண்ணாக்கிவிடும் என்று. அப்பாவுக்கு மாத்திரை போட்டதும் சாய்ந்துகொள்வது பழக்கம். பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கிறேன்.

கன்னம் வற்றிவிட்டது. கீறிய இடத்தில் சீழ் வரவில்லை. கண்ணில் ஒன்றும் இல்லை, தினமும் நாலு திசையும் பார்க்கச் சொல்லிச் சோதித்தேன், அவருக்கு அலுத்துப்போயிற்று. கிளிண்டாமைசின் ஓடிய மூன்று நாளில் கொஞ்சம் தேறியது எதனால் என்று டாக்டரிடம் கேட்டதற்கு, கத்தி செய்த வேலை அது, மாத்திரை பெயர் வாங்கிக்கொண்டது என்றார்.

ஒரே கேள்வி. பத்து நாளாக மழிக்காத மீசையும் தாடியும் அரிக்கிறதாம். எப்போது ரேசர் வைக்கலாம்?

-----

பெட்ரித்தட்டு:

டாக்டர் சொன்ன கத்தி விஷயத்துக்கு ஒரு ஆதாரம் இருக்கிறது. 2016-இல் தோல் கட்டிகளை வடித்தவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 73.6 சதவீதம் பேர் குணமானார்கள், கோட்ரிமாக்சசோல் சாப்பிட்டவர்களில் 80.5. எண் பிடிக்கும் ஆளாயிற்றே, வைத்துக்கொள்ளுங்கள். சீழ் உள்ளேயே கிடந்தால் அந்த மருந்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மருந்து கிருமியைத் தயாரிக்கவிடாமல் தடுப்பது தைமிடின் என்ற பொருளை; செத்த செல்களிலிருந்து கசியும் தைமிடினை எடுத்துக்கொண்டு கிருமி தப்பித்துக்கொள்ளும்.

ரேசரை கா_மூ_தொ சாரிடம் விடுகிறேன்.

-----

கா_மூ_தொ:

தோல் முழுக்க மூடி, பொருக்கு தானாக உதிரும் வரை பிளேடு வேண்டாம். அரித்தால் தோலில் படாத டிரிம்மர். பழைய ரேசரைத் தூக்கிப் போடுங்கள், துண்டைத் தனியாக வெந்நீரில் துவையுங்கள். அந்த இடுக்கியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.